எல்லையைக் கடக்கையில் உடன்வருவது எது?

1960 மே 1 அன்று மராட்டிய மாநிலம் பிறந்தது; பம்பாய் அதன் தலைநகராயிற்று. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962 மே 1 அன்று, அண்ணா மாநிலங்களவையில் தம் முதல் உரையை ஆற்றினார். திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். இவ்விரு நாள்களும் அரசியல் வரலாற்றில் ஒருசேர வைத்துப் பேசப்படுவது அரிது. ஒன்று மராட்டியர் வரலாற்றிலும் மற்றொன்று தமிழர் வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டன. ஆனால் அக்காலத்தில் தாராவியின் தோல் பதனிடும் கூடமொன்றில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவரை எண்ணிப் பார்த்தால், இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்களாகத் தெரியும். அவர் வாழும் நகரம் எந்த மொழியாருக்கு உரியது என்பதை முதலாவது நாள் முடிவு செய்தது. அவர் விட்டுவந்த ஊர் எந்த நாட்டில் இருக்கவேண்டும் என்று இரண்டாவது நாள் கேட்டது. இரண்டிலும் பேசப்பட்டது நிலத்தைப் பற்றி. அவரோ நிலத்தை விட்டு வந்தவர்.

நிதிப் பகிர்வு, தொகுதி மறுவரையறை, மொழிக்கொள்கை, ஆளுநரின் அதிகாரம் என ஏதேனும் ஒன்றில் தில்லிக்கும் சென்னைக்கும் முரண்பாடு முற்றும்போதெல்லாம், சமூக ஊடகங்களில் ஒரு பழைய வாக்கியம் பாதி வேடிக்கையாகவும் பாதி வினையாகவும் திரும்ப வருகிறது: பேசாமல் தனியே போய்விட்டால் என்ன? உடனே எதிர்த்தரப்பு அதைத் தேசத்துரோகம் என்கிறது. இவ்விரு தரப்பும் ஒரு முன்முடிவைப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லை என்பது வரைபடத்தின் கோடு. அது ஒன்று போடப்படும், அல்லது போடப்படாது என்பதே அம்முன்முடிவு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளின் தமிழர் அனுபவம் இதைப் பொய்யாக்குகிறது. எல்லைகள் ஒன்றியத்திற்குள்ளேயே ஏற்கெனவே இருக்கின்றன. சிலரை அவை தடுப்பதில்லை. சிலரை ஒவ்வொரு நாளும் தடுக்கின்றன. ஆகவே ஓர் ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்பதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: ஒரு மனிதர் எல்லையைக் கடக்கும்போது அவருடைய உரிமைகளில் எவை அவருடன் வருகின்றன?

1. 'நாடு', 'ஊர்'

தமிழில் 'நாடு' என்பது எல்லையுள்ள நிலத்தைக் குறிக்கும் சொல். அதன் அளவு நெகிழ்வானது. செட்டிநாடும் நாடுதான், சோழநாடும் நாடுதான், இந்தியாவும் நாடுதான். 1967-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றி, 1969 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்த 'தமிழ்நாடு' என்ற பெயரில் இன்றும் சிலர் தனித்தேசத்தின் சாயலைக் காண்பதற்கு இந்நெகிழ்வே காரணம். 2023 ஜனவரியில் ஆளுநர் எழுப்பிய 'தமிழகமா, தமிழ்நாடா' என்ற சர்ச்சையும் இதிலிருந்து பிறந்ததே.

'ஊர்' வேறு வகையான சொல். அது நிலத்தைச் சுட்டுவதோடு பேசுபவருக்கும் அந்நிலத்துக்கும் உள்ள உறவையும் சுட்டுகிறது. தாராவியில் மூன்றாம் தலைமுறையாக வாழும் குடும்பமும் மே மாத விடுமுறையில் 'ஊருக்குப் போகிறோம்' என்றுதான் சொல்லும். அவ்வூரில் இறங்கியதும் அக்குடும்பத்தின் பெயர் 'பம்பாய்க்காரர் வீடு'. அங்கே அவர்களை நலம் விசாரிப்பவர் 'ஊரில் எல்லாரும் சுகமா?' என்று கேட்கும்போது அந்த 'ஊர்' பம்பாய் ஆகிவிடுகிறது. 'நாடு' வரைபடத்தில் நிலைத்து நிற்பது. 'ஊர்' மனிதரோடு நகர்வது.

பிரிவினை அரசியலும் ஒருமைப்பாட்டு அரசியலும் 'நாடு' என்ற சொல்லின் இலக்கணத்தில் மட்டுமே சிந்தித்து வந்திருக்கின்றன. 'ஊர்' என்ற சொல்லின் இலக்கணத்தில் சிந்தித்தால் என்ன தெரியும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு.

2. பர்மா: தமிழருக்கு மிக அருகில் நிகழ்ந்த விலகல்

ஓர் ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற கேள்வி தேர்தல் களத்தில் நேரடியாக வைக்கப்பட்ட நிகழ்வு என்றவுடன், இன்றைய மாணவருக்கு 2016-இன் பிரிட்டன் நினைவுக்கு வரும். ஆனால் தமிழரின் வாழ்வைப் புரட்டிப்போட்ட அத்தகைய நிகழ்வு பர்மாவில் நடந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மா தனியே பிரிவதா, வரவிருக்கும் இந்தியக் கூட்டாட்சியில் சேர்வதா என்பதே 1932 நவம்பரில் அங்கு நடந்த தேர்தலின் மையக் கேள்வி. பிரிவினையை எதிர்த்தவர்கள் பெரும்பான்மை இடங்களை வென்றனர். ஆயினும் வேண்டும்போது விலகும் உரிமையுடன் சேரவே அவர்களுள் பலர் விரும்பினர். அவ்வுரிமையைத் தர பிரிட்டிஷ் அரசு இசையவில்லை. சட்டமன்றத்தாலும் தெளிவான ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. இறுதியில் 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது.

பர்மியரின் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்பதை மறைக்கலாகாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் மூழ்கி, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. நிலம் இழந்த விவசாயிக்குப் பிரிவினை ஒரு மீட்சியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் பிரிவினையின் விலையைக் கொடுத்தவர் யார்? ஏப்ரல் 1 அன்று காலையில் துறைமுகக் கூலிக்கு எதுவும் மாறவில்லை. நான்கு ஆண்டுகளில், 1941-இல், குடிவரவைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கானோர் காட்டுவழியே இந்தியா நோக்கி நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். படையெடுப்புக்குப் பிரிவினை காரணமன்று. ஆனால் போர் முடிந்து திரும்பிச் சென்றவர்கள் அயலாராகத்தான் சென்றனர். 1964-இல் கடைகள் நாட்டுடைமையானபோது அவர்களிற் பலர் மீண்டும் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜாரும் தமிழ்நாட்டு நகரங்களின் பர்மா காலனிகளும் அந்தத் தேர்தல் கேள்வியின் மிச்சங்கள். வசதி படைத்தோரிற் சிலர் முன்கூட்டியே மூலதனத்தை மலாயாவுக்கோ காரைக்குடிக்கோ நகர்த்த முடிந்தது. கூலித் தொழிலாளிக்கு நகர்த்துவதற்கு உடலைத் தவிர வேறில்லை.

இலங்கையில் இது வேறு வடிவில் நிகழ்ந்தது. 1948-இன் குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக மலையகத்தில் வாழ்ந்தவர்களிடம் வம்சாவளிச் சான்று கேட்டது. தோட்ட லயன்களில் பிறந்தவர்களிற் பெரும்பாலோரிடம் அத்தகைய தாள் இல்லை. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் இலட்சம் பேரின் தலைவிதியைப் பேசியது. அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றும், எஞ்சியோரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றும் முடிவாயிற்று. கணக்கு முடிந்தது, ஆனால் அந்த மக்கள் அந்த மேசையில் இல்லை.

பிரிட்டனிலும் இதன் சாயலைக் காணலாம். 2016 ஜூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தனர். அங்கு வாழ்ந்த பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டினர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டினர் நீங்கலாக எவருக்கும் வாக்கில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டன் குடிமக்களுக்கும் வாக்கில்லை. கேள்வியால் மிக நேரடியாகப் பாதிக்கப்படுவோர் கேள்வியிலிருந்து விலக்கப்பட்டனர். விலகல் அரசியலின் பொது இலக்கணம் என்று ஒன்று உண்டெனில் அது இதுதான்: நிலத்தில் நிற்பவர் முடிவெடுக்கிறார், எல்லையில் நிற்பவர் விலை கொடுக்கிறார்.

3. திராவிட நாட்டுக்கு வெளியே

சென்னை மாகாணத்தை அடிப்படையாகக் கொண்டு 1940-இல் நீதிக்கட்சியின் திருவாரூர் மாநாட்டில் வலுப்பெற்ற திராவிட நாட்டுக் கோரிக்கை, பின்னர் நான்கு தென்மொழி மாநிலங்களின் கூட்டாகப் பேசப்பட்டது. அந்த நான்கிலும் பம்பாய் நகரம் அடங்கவில்லை. 1962 தேர்தலில் 50 சட்டமன்ற இடங்களை வென்ற திராவிட முன்னேற்றக் கழகம், அவ்வாண்டு சீனப் போரின்போது கோரிக்கையை ஒத்திவைத்தது. 1963 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பதினாறாவது சட்டத்திருத்தம், தேர்தலில் நிற்போர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றாக்கியது. அதன்பின் கட்சி கோரிக்கையை முறையாகக் கைவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் மறைந்துவிடவில்லை என்று சொல்லிக்கொண்டே அண்ணா அதைக் கைவிட்டார் என்பது பரவலாக அறியப்பட்டது. அந்தக் காரணங்கள் 1969-இல் அமைக்கப்பட்ட இராஜமன்னார் குழுவாகவும், 1974-இன் மாநில சுயாட்சித் தீர்மானமாகவும் மறுவடிவம் பெற்றன. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு அரசு அறிவித்த உயர்நிலைக் குழு அவ்வரிசையில் அடுத்தது.

இந்த வரலாறு பெருமைக்குரியது. பிரிவினைக் கோரிக்கையை வன்முறையின்றிக் கூட்டாட்சிக் கோரிக்கையாக மாற்றிய இயக்கங்கள் உலகில் மிகுதியாக இல்லை. ஆயினும் இம்மரபின் பார்வை ஓர் அரசுக்கும் மற்றோர் அரசுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டிலேயே நிலைத்துவிட்டது. இரு அரசுகளுக்கும் இடையில் நகரும் மனிதர் அதன் மையத்துக்கு வரவில்லை.

4. பம்பாய் யாருடையது?

அதே ஆண்டுகளில் பம்பாய் தன் சொந்த எல்லைக் கேள்வியில் எரிந்துகொண்டிருந்தது. 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் இருமொழி பம்பாய் மாநிலத்தைப் பரிந்துரைத்தது. 1956 ஜனவரியில் நகரம் நடுவண் ஆட்சியின்கீழ் வரும் என்று நேரு அறிவித்தபோது கிளர்ச்சி வெடித்தது. சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் உயிரிழந்தனர். ஃபுளோரா நீரூற்றுச் சதுக்கம் இன்று ஹுதாத்மா சௌக் எனப்படுவது அவர்கள் நினைவாகவே. மராட்டியர் தம் தலைநகரைக் கோரியது நேர்மையான கோரிக்கை. நகரின் ஆலைகளையும் துறைமுகத்தையும் இயக்கிய உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது. நகரின் மூலதனமோ பெரும்பாலும் அவர்களிடம் இல்லை.

அம்பேத்கர் இக்கேள்வியில் எடுத்த நிலைகள் கவனத்துக்குரியவை. 1948-இல் பம்பாய் மராட்டியத்துக்கே உரியது என்று வாதிட்ட அவர், 1955-இல் எழுதிய மொழிவாரி மாநிலங்கள் குறித்த நூலில் பம்பாயைத் தனி நகர மாநிலமாக்கும் திட்டத்தை முன்வைத்தார். ஒரு மாநிலத்துக்கு ஒரு மொழி இருக்கலாம். ஆனால் ஒரு மொழியார் அனைவரும் ஒரே மாநிலத்தில் திரளவேண்டும் என்பதில்லை என்பது அந்நூலின் மைய வாதம். மொழிவாரி மாநிலத்தில் பெரும்பான்மைச் சாதியின் ஆதிக்கம் சிறுபான்மையோரை நசுக்கும் என்ற அச்சம் அதன் அடியில் இருந்தது. மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில் வாழ்ந்த ஒருவர், எல்லைக்கு உள்ளே இருப்பவரில் வலியற்றவர் யார் என்று கேட்டார்.

மாநிலம் அமைந்த ஆறாண்டுகளில், 1966 ஜூன் 19 அன்று, சிவசேனா தோன்றியது. அதன் முன்னோடியான 'மார்மிக்' வார இதழ், நகரின் அலுவலகங்களில் பணியாற்றும் தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டிருந்தது. தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. 'லுங்கி' வசைச்சொல்லாயிற்று. மராட்டியில் இன்றும் புழங்கும் 'பரப்பிராந்தீயர்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'வேறு மாகாணத்தவர்' என்பது மட்டுமே. ஆனால் வழக்கில் அது 'அயல்நாட்டவர்' என்ற சொல் செய்யும் வேலையைச் செய்கிறது. மாநில எல்லை தேச எல்லையாக உணரப்படும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சொல் அது. பின்னாளில் இலக்கு மாறியது. 2008-இல் இரயில்வே தேர்வு எழுத வந்த வட இந்திய இளைஞர்கள் மும்பையில் தாக்கப்பட்டபோது, லுங்கிக்காரர் இருந்த இடத்தில் 'பையா' வந்து நின்றார். அயலார் என்ற இடம் மட்டும் காலியாவதில்லை.

ஒன்றியம் இம்மக்களைக் காத்ததா? முழுமையாக இல்லை. அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு இந்தியாவெங்கும் சென்றுவரவும் குடியமரவும் உரிமை தருகிறது. உணவகத்தின் கண்ணாடியை அது காப்பாற்றவில்லை. ஆயினும் பர்மாவோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவு. தாராவித் தமிழரிடம் விசா கேட்க எவருக்கும் அதிகாரம் இல்லை. அடிபட்டவர் அங்கேயே இருந்து வாக்களிக்க முடிந்தது. சயான் கோலிவாடா தொகுதியில் 2014 முதல் ஒரு தமிழர் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். அவருடைய கட்சியை ஏற்பவரும் ஏற்காதவரும் அத்தேர்வின் பொருளை மறுக்க இயலாது. 1937-க்குப் பிந்தைய இரங்கூன் தமிழருக்குப் பறிபோனதும், 1960-க்குப் பிந்தைய பம்பாய்த் தமிழருக்கு எஞ்சியதும் இந்த அரசியல் இருப்புதான். ஒன்றியத்தில் நீடிப்பதற்கான மிக வலுவான வாதம் இதுவே. அது கொடியிலிருந்தோ தேசிய உணர்ச்சியிலிருந்தோ பிறக்கவில்லை.

5. மூன்று பகுதிகள், மூன்று ஒன்றியங்கள்

ஆனால் வாதம் இங்கே முடியுமானால் அது பொய்யான ஆறுதல் ஆகிவிடும். மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்றும் சில கிலோமீட்டர் இடைவெளிக்குள் இருப்பவை. மூன்றிலும் தமிழ் கேட்கும். ஆனால் மூன்றும் ஒரே ஒன்றியத்தில் இல்லை.

மாட்டுங்காவுக்கு வந்த முதல் தலைமுறையினர் பெரும்பாலும் ஆங்கிலமும் தட்டச்சும் கற்ற, சாதி அடுக்கின் மேல்தட்டைச் சேர்ந்தவர்கள். 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் அவர்தம் பிள்ளைகளுக்கு வழி திறந்தது. செம்பூரின் வளர்ச்சியில் உர ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், அணு ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நடுவண் அரசின் வேலை அங்கே பல தமிழ்க் குடும்பங்களை வேரூன்றச் செய்தது. தாராவிக்கு வந்தவர்களோ பெரும்பாலும் திருநெல்வேலிப் பகுதியின் நாடார், ஆதிதிராவிடர், முஸ்லிம் உழைப்பாளர்கள். தோல் தொழிலும் நகரின் சில்லறை வேலைகளும் அவர்களை ஏற்றன.

பட்டச் சான்றிதழ் மாநில எல்லையைக் கடக்கும். ஆங்கிலம் கடக்கும். சாதி தரும் சமூக மூலதனம் எந்தச் சான்றிதழும் இன்றிக் கடக்கும். கடக்காத ஒன்று உண்டு: பட்டியல் சாதி, பழங்குடித் தகுதி. அரசியலமைப்பின் 341, 342-ஆம் உறுப்புகள் அத்தகுதியை அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே வரையறுக்கின்றன. 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு மும்பையின் சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. ஆந்திரத்தில் பழங்குடித் தகுதி பெற்ற குடும்பம். தந்தைக்கு நடுவண் அரசின் உர நிறுவனத்தில் வேலை. மகன் பம்பாயில் மருத்துவம் படிக்க அத்தகுதியைக் கோரினார். இடம்பெயர்ந்த மாநிலத்தில் அத்தகுதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இரு மாநிலப் பட்டியல்களிலும் ஒரே சாதிப்பெயர் இருந்தாலும் இதுவே விதி என்று 1994-இன் தீர்ப்பு கூறியது. 2018-இல் அரசியல் சாசன அமர்வும் அந்நிலையையே உறுதி செய்தது.

இதன் நடைமுறைப் பொருள் எளியது. சொந்த மாநிலத்திலும் நடுவண் அரசின் வாய்ப்புகளிலும் தகுதி உண்டு. ஆனால் மராட்டிய அரசின் கல்லூரி இடத்திலும் வேலையிலும் இல்லை. சேரியிலிருந்து தப்பிக்க நகரம் செல்க என்று கிராமத்துத் தலித்துகளுக்கு அம்பேத்கர் காட்டிய வழியில் நடந்தவரின் பேரப்பிள்ளை, அம்பேத்கரின் நகரத்திலேயே அரசியலமைப்பின் பாதுகாப்பை இழந்து நிற்கிறார். சாதி எல்லையைக் கடந்து வந்துவிட்டது; சாதிக்கெதிரான காப்பு எல்லையிலேயே நின்றுவிட்டது. இந்த ஒன்றியத்தின் உள்எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

காலமும் எல்லையாகிறது. மராட்டியத்தின் வசிப்பிடச் சான்றிதழுக்குப் பதினைந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததை நிறுவும் தரைத்தளக் குடும்பத்துக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு; பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் வேறு விதிகள், பெரும்பாலும் வேறு இடங்கள். ஒரே சந்தில் எதிரெதிரே வாழும் இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு தேதி கோடாக விழுகிறது. பழைய மின்கட்டண ரசீதைத் தேடிப் பெட்டியைக் கவிழ்க்கும் குடும்பத்துக்கும், 1948-இல் தாத்தாவின் பிறப்புச் சான்றைத் தேடிய மலையகக் குடும்பத்துக்கும் நேர்ந்தவை சமமல்ல. ஒன்றில் பறிபோனது நாடு, மற்றொன்றில் பறிபோகக்கூடியது வீடு. ஆனால் இரண்டிலும் வாழ்ந்த வாழ்க்கை போதவில்லை, தாள் வேண்டியிருக்கிறது.

6. இரு மறுப்புகள்

இதற்கு இரு மறுப்புகள் எழும். முதலாவது: தகுதிகள் எல்லாம் எல்லை கடக்குமானால் உள்ளூர் நலிந்தோரின் பங்கு குறையும், மராட்டியத்தின் தலித் மாணவரின் இடத்தைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் எடுப்பது நீதியா? இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மாநிலந்தோறும் பட்டியலை வேறுபடுத்தியதற்கு உண்மையான காரணம் உண்டு. தீண்டாமையின் வடிவம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் தீர்வு உள்ளூர் இடங்களைப் பங்கிடுவதுதான் என்பதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறையினருக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கி, அதன் செலவைப் பிறப்பு மாநிலமும் நடுவண் அரசும் பகிரலாம். இதற்குச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்குத் தடையில்லை. இல்லாதது அரசியல் விருப்பமே.

இரண்டாவது: உரிமைகள் எல்லை கடக்கவேண்டும் என்பது தில்லியில் அதிகாரத்தைக் குவிக்கும் வாதமாக முடியாதா? 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் 2020-இல் தமிழ்நாடு இணைந்தபோது இவ்வையம் கேட்டது. ஐயம் பொருளற்றதன்று. ஆனால் திருப்பூருக்கு வந்த பீகார்த் தொழிலாளிக்கும் மும்பைக்குப் போன தென்காசித் தொழிலாளிக்கும் வந்த இடத்தில் அரிசி கிடைப்பது மாநில உரிமைக்கு எதிரானது என்று வாதிடுவது, மாநில உரிமையை மண்ணின் உரிமையாகச் சுருக்குவதாகும். உரிமையை எடுத்துச்செல்லும் ஏற்பாட்டைத் தில்லிதான் செய்யவேண்டும் என்பதுமில்லை. இரு மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். சுயாட்சி பேசும் மாநிலம் அதைத் தொடங்கினால், சுயாட்சி என்பதன் பொருளே விரியும்.

7. கண்ணாடி

மும்பையைப் பற்றிப் பேசியதெல்லாம் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். 'பரப்பிராந்தீயர்' என்ற சொல்லைக் கேட்டு வருந்தும் தமிழ், 'வடக்கன்' என்ற சொல்லை வேடிக்கையாகப் புழங்குகிறது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. அவை பொய் என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்தது. செய்தி பொய். ஆனால் அதைக் கேட்டுத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக இரயில் ஏறியது மெய். ஒரு பொய்யை அவ்வளவு விரைவில் நம்பவைக்கும் அளவுக்கு அவர்களின் அன்றாட அனுபவத்தில் ஏதோ இருந்தது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. தாராவிக் குழந்தை தொடக்கக் கல்வியைத் தமிழில் பெறலாம். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வாய்ப்பை மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு அளிக்கவேண்டும் என்று 1956-இல் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு சொல்கிறது. அதே கேள்வி திருப்பூரின் பனியன் கூடத்தருகே வாழும் போஜ்புரி பேசும் குழந்தைக்கும் உண்டு. இந்தித் திணிப்பை எதிர்ப்பதற்கும் அந்தக் குழந்தைக்கு முதல் இரண்டாண்டுகள் அதன் வீட்டு மொழி பேசும் ஆசிரியரைத் தருவதற்கும் முரணில்லை. சொல்லப்போனால் இரண்டும் ஒரே கொள்கை. வலிமை பெற்ற மொழி எளிய மொழியை விழுங்கலாகாது என்பதே அது. போஜ்புரியை முதலில் விழுங்கியதும் இந்திதான்.

ஆகவே, இருப்பதா விலகுவதா? இருப்பதே சரி. விலகினால் என்ன ஆகும் என்பதற்கு இரங்கூனின் சான்று போதும். ஆனால் இருத்தல் என்பது எல்லை மாறாமல் இருப்பது மட்டுமானால், அது தாராவியின் ஒரு தலித் மாணவிக்கு ஏற்கெனவே விலகல்தான். மாநில சுயாட்சி குறித்து ஆராயும் எந்தக் குழுவும், எந்த அதிகாரம் தில்லியிடம், எந்த அதிகாரம் சென்னையிடம் என்ற பட்டியலோடு மூன்றாவது பட்டியல் ஒன்றையும் தயாரிக்கவேண்டும்: மாநிலத்தை விட்டுப் புறப்படும் மனிதர் எவற்றைத் தம்முடன் எடுத்துச்செல்லலாம், மாநிலத்துக்குள் வரும் மனிதருக்கு எவை காத்திருக்கும்? சாதிக்கெதிரான காப்பு, ரேஷன், தொடக்கக் கல்வியில் மொழி, தொழிலாளர் நல வாரியப் பதிவு ஆகிய நான்கையேனும் அதில் முதலில் எழுதலாம்.

அந்தப் பட்டியலைத் தாராவித் தமிழருக்காகக் கேட்கும் தகுதி, திருப்பூர் பீகாரிக்கு அதைக் கொடுத்தவருக்கே உண்டு.